இன்னும் மெல்லிய ஒரு சோடி

கிளென் ஈடன் வீட்டில் பார்த்தீபனுக்கென்று தனியாக இருந்தது ஓர் இழுப்பறைதான். அலுமாரியில் மிச்ச மூன்றும் அவன் மனைவி வித்தியாவுடையவை. அந்த ஒன்றைத் திறந்தால் முழுக்கக் காலுறைகள். வேலைக்குப் போடும் கறுப்புக் காலுறைகள் துணிக்கூடையில் சோடி பிரிந்து கிடக்கும், அவற்றை அவன் கவனிப்பதேயில்லை. இழுப்பறையில் இருந்தவை எல்லாம் பனிமலைக்குப் போவதற்காக வாங்கியவை. பதினொரு சோடி. இடப்பக்கம் தடித்தது, வலப்பக்கம் போகப்போக மெல்லியது என்று வரிசையாகச் சுருட்டி வைத்திருந்தான்.

"ஒரு மனுசனுக்கு எத்தினை கால்?" என்று வித்தியா கேட்பாள். "நூறு கால் மட்டத்தேளுக்குக்கூட இவ்வளவு தேவைப்படாதப்பா."

"ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதம்," என்பான் அவன். அதற்கு மேல் விளக்கமாட்டான்.

பார்த்தீபன் பதினேழு வயதில் அகதியாக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தவன். இப்போது நாற்பத்தைந்து. மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கொட்டகை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தொடங்கி, பிறகு ஒரு ஷிஃப்டுக்கு மேற்பார்வையாளனானான். நல்ல மனிதன், அதிகம் கதைக்காதவன், மண்டபத்தில் விழா முடிந்தால் கதிரை அடுக்குவதற்குக் கடைசிவரை நிற்கிறவன் என்று ஆட்கள் சொல்வார்கள். அவனைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. அவன் பனிமலையில் பலகையில் சறுக்குகிறவன் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் செய்கிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவனுக்கு அதைப் பழக்கியவன் மார்க்குஸ் என்ற சுவிஸ்காரன். சரக்குக் கொட்டகையில் கூட வேலை செய்தவன். ஊருக்குத் திரும்பிப் போகும்போது தன் பலகையையும் பூட்ஸையும் பார்த்தீபனிடமே கொடுத்துவிட்டுப் போனான். சாதாரணமாக ஸ்நோபோர்டில் போகிறவர்கள் மெத்தென்ற பூட்ஸ்தான் போடுவார்கள். மார்க்குஸ் கொடுத்தது ஹார்ட் பூட்ஸ். கெண்டைக்காலின் பாதிக்கு மேல் வரும் கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, அதற்குள் கழற்றக்கூடிய ஓர் உள்ளுறை, வெளியே நான்கு கிளிப்புகள். போட்டால் கணுக்கால் மடங்காது. நடந்தால் தாரா வாத்துப் போல ஆடவேண்டும். ருவாபேஹூ மலையில் அப்படியான பூட்ஸோடு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஆனால் காலையில், பனி இறுகிக் கிடக்கும் நேரத்தில், அந்தப் பூட்ஸோடு பலகையை விளிம்பில் சாய்த்தால் அது வழுக்காது, வெட்டிக்கொண்டு போகும். உடல் பனியைத் தொடுகிற அளவுக்குச் சரியும். திரும்பிப் பார்த்தால் மலைச்சரிவில் பென்சிலால் போட்டது போல மெல்லிய ஒரே கோடு. அந்தக் கோடு சரியாக விழுகிறதா என்பதைப் போகும்போது கண்ணால் அறிய முடியாது. கண் முன்னால் பார்க்கவேண்டும். உள்ளங்கால்தான் சொல்லும். பெருவிரலின் அடியில் எவ்வளவு பாரம், குதிக்காலில் எவ்வளவு, விளிம்பு பிடிக்கிறதா, நழுவப்போகிறதா, எல்லாம் அங்கேதான் தெரியும். வருஷத்தில் ஆறேழு நாள் அது. தான் ஒரு விஷயத்தை நன்றாகச் செய்கிறேன் என்று பார்த்தீபனுக்குத் தானாகவே தெரிந்த ஒரே இடமும் அதுதான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது.

காலுறை விஷயத்தில் அவன் முதல் வருஷமே பிழை விட்டான். குளிர் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடு என்பதுதான் அவன் குடும்பம் இந்த நாட்டில் முதலில் படித்த பாடம். ஹீட்டர் இல்லாத வாடகை வீட்டில், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டுப் போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டவர்கள். அந்தப் பழக்கத்தில், கிரிக்கெட்டுக்குப் போடும் பருத்திக் காலுறை மூன்று சோடியை ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அரை மணித்தியாலத்தில் கால் ஐஸாகிவிட்டது. மார்க்குஸ் அவனைப் பனியிலேயே உட்காரவைத்து மூன்றையும் உருவி எடுத்தான். கெட்டி பூட்ஸுக்குள் தடிப்பு சூடு தராது, இரத்தத்தைத்தான் நெரிக்கும் என்றான். ஒரே ஒரு சோடி, பூட்ஸைவிட உயரமாக, மெரினோக் கம்பளியில். பருத்தி வேர்வையைக் குடித்துக் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது, உள்காற்சட்டையின் விளிம்பைக்கூட உள்ளே விடக்கூடாது. எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, கால் கதைப்பது அப்போதுதான் கேட்கும்.

பதின்மூன்று வருஷம் பார்த்தீபன் அந்தச் சொல்லை மாற்றவில்லை. நடுத்தரத் தடிப்பில் ஒரே விதமான காலுறை. கிழிந்தால் இன்னொன்று. அவ்வளவுதான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் மலையில் கால் கொஞ்சம் மந்தமாக இருந்தது. காலுறை புதியது, தடிப்பாக இருக்கும் என்று நினைத்தான். அடுத்த தடவை மெல்லியதாக ஒன்று வாங்கினான். பரவாயில்லை போல இருந்தது. ஒரு மாதத்தில் அதுவும் மொத்தமாக, தடிப்பாகத் தெரிந்தது. பிறகு அதைவிட மெல்லியது. பிறகு பட்டு கலந்த ஒன்று, வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுத்தது. பிறகு, கடையில் பெண்கள் அலுவலகத்துக்குப் போடும் முழங்கால்வரை வரும் நைலோன் காலுறைகள் தொங்கும் பக்கத்துக்குப் போய், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, தோல் நிறத்தில் ஒரு சோடி. போன சீசன் கடைசியில் காலுறையே இல்லாமல் வெறுங்காலைப் பூட்ஸுக்குள் விட்டான்.

அப்போதும் அது இருந்தது. தடித்த கம்பளிக் காலுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்பது போலவே இருந்தது.

அங்கே ஒருவன் நிறுத்தியிருக்கவேண்டும். பார்த்தீபன் நிறுத்தவில்லை. உள்ளுறையின் பஞ்சு பழசாகி அமுங்கிப்போனது என்று ஒரு காரணம் கண்டுபிடித்தான், அதற்கு ஏற்றதாக இன்னும் இரண்டு சோடி வாங்கினான். குளியலறையில் தரையும் கால்மிதியும் ஒரே மாதிரித் தெரிவதையும், இரவில் பாதம் எரிவதையும் அவன் வேறு கணக்கில் வைத்திருந்தான். அது குளிர். அது வேலைச் சப்பாத்து. அது வயது.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவனுக்கு வந்து எட்டு வருஷமாகியிருந்தது. அதை அவன் மறைக்கவுமில்லை, பெரிதாக நினைக்கவுமில்லை. அவனுக்குத் தெரிந்த ஆம்பிளைகள் எல்லாருக்கும் இருந்தது. வயதில் மூத்த நண்பர் குலசிங்கத்தாரின் அறுபதாவது பிறந்தநாள் விழாவில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஆண்கள் வட்டமாக நின்று வழக்கம்போல அதைப் பற்றித்தான் பகிடி விட்டார்கள். மூன்று மாதத்துச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் யாருக்கு என்ன எண் வந்தது என்பது அங்கே கிரிக்கெட் ஓட்டக் கணக்கு மாதிரி. ஐம்பத்தைந்தைத் தாண்டினாலே டாக்டர் முகம் சுளிக்கும் எண் அது.

"பார்த்தி, உனக்கு எத்தினை?" என்று குலசிங்கம் கேட்டார்.

"எழுபத்தொன்பது, அண்ணை."

"அடிச்சு விளையாடுறாய்! நான் இன்னும் அறுபத்தாறிலை கட்டை போட்டுக்கொண்டு நிக்கிறன்."

"இவர் செஞ்சரி அடிச்சிட்டுத்தான் மட்டையை வைப்பார் போலை," என்றான் பிரதாபன், கொட்டகையில் மற்ற ஷிஃப்டில் இருப்பவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தீபனும் சிரித்தான். குலசிங்கம் இனிப்பு வட்டிலப்பத்தில் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, மனைவி தூரத்தில் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு, "பயப்பிடாதை. இண்டைக்கு ஒரு குளிசை கூடப் போட்டிட்டுத்தான் வந்தனான்," என்றார். அங்கே நின்ற பாதிப் பேர் அப்படித்தான் வந்திருந்தார்கள். விழா என்றால் சீனிக்கான மாத்திரையில் ஒன்று கூட. பார்த்தீபனும் போட்டிருந்தான்.

பிறகு கதிரைகளை அடுக்கும்போது அவன் குலசிங்கத்திடம் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணை, உங்களுக்குக் கால் எப்பிடி?"

"என்ன கால்?"

"ஒரு மாதிரி மொத்தமா... சொக்ஸ் போடாமலே போட்ட மாதிரி."

குலசிங்கம் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்தார். "குளிரடா தம்பி," என்றார். "எங்கட கால் சுடுமணலுக்கு எண்டு செய்த கால். இங்கத்தைக் குளிருக்கு உது அப்பிடித்தான். ரெண்டு சொக்ஸாப் போடு." சொல்லிவிட்டுத் தன் பாதங்களைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், டாக்டரின் கிளினிக்கிலிருந்து வந்த கடிதம் ஒன்று காந்தத்தில் தொங்கியது. வருடாந்தக் கால் பரிசோதனை. மூன்று தடவை திகதி மாற்றியாகிவிட்டது. ஷிஃப்டு என்பான், ஆள் குறைவு என்பான்.

"இந்தக் கடுதாசி மஞ்சளாப் போச்சு," என்றாள் வித்தியா. "போய்க் காலை நீட்டிப்போட்டு வாறதுக்கு என்ன?"

"சீசன் முடியட்டும். போறன்."

"சீசன் முடிஞ்சால் அடுத்த சீசன் வரும்."

வித்தியா எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்பவள். மனிதர்கள் எதை எந்தத் தாளில் எழுதாமல் விடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதே அவள் தொழில். வீட்டில் மட்டும் அவள் அதைச் செய்வதில்லை என்று வைத்திருந்தாள். பிறகு அதற்காகத்தான் தன்னைத் தானே அதிகம் கடிந்துகொண்டாள்.

ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பார்த்தீபன் விடுமுறை எடுத்திருந்தான். அந்த வருஷத்தின் முதல் மலைப்பயணம். அதற்கு முந்திய சனிக்கிழமை, பூட்ஸையும் எடுத்துக்கொண்டு, எல்லர்ஸ்லியில் பனி விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போனான். பூட்ஸைக் காலுக்குப் பொருத்திப் பார்ப்பதற்கென்று அங்கே ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான்.

அவள் பெயர் தாரிணி. இருபத்துமூன்று வயது இருக்கும். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு சனி ஞாயிறு அங்கே வேலை செய்தாள். முதலில் இங்கிலீஷில்தான் கேட்டாள். அவன் காலுறை ஒன்றை விரலால் தடவிப் பார்த்து "மொத்தம்" என்று தனக்குள் முணுமுணுத்ததைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க தமிழா?"

"ஓம்."

"ஓம்னா, இலங்கையா அங்கிள்?"

"யாழ்ப்பாணம். நீர்?"

"தஞ்சாவூர். நீர்னு கூப்பிட்டா எனக்கு என்னமோ வயசான மாதிரி இருக்கு."

"அங்கிள் எண்டால் எனக்கு மட்டும் என்ன, வயசு குறையுதோ?"

அவள் சிரித்தாள். "சரிங்கண்ணா. இனிமே அண்ணாதான். ஹார்ட் பூட்ஸா! இதைப் போடுற ஆளை இந்தக் கடையில ரெண்டு வருஷத்துல இப்பத்தான் பாக்கறேன்."

அவளுக்குத் தொழில் தெரிந்திருந்தது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அவன் காலை விடச்சொல்லி, குதிக்காலுக்குப் பின்னால் தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. உள்ளுறையைக் கையில் பிசைந்து பார்த்தாள். அமுங்கவில்லை, நன்றாகவே இருந்தது. பார்த்தீபன் கண்டுபிடித்து வைத்திருந்த காரணம் அங்கே போனது. பிறகு கடையில் இருந்ததிலேயே மெல்லிய மெரினோக் காலுறையைப் போடவைத்து, அதன் மேல் உள்ளுறையை மாட்டி, அவனை ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"கண்ணை மூடிக்கோங்கண்ணா."

"ஏன்?"

"கண்ணு திறந்திருந்தா கால் சொல்றதக் கேக்கமாட்டீங்க. முன்னாடி எந்த விரல் முட்டுதுன்னு பாக்கணும். நான் வெளியிலேருந்து அழுத்துவேன், நீங்க சொல்லுங்க."

அவன் கண்ணை மூடினான். கடையில் எங்கோ ஒரு குழந்தை அழுதது. யாரோ அட்டைப்பெட்டி கிழித்தார்கள். அவன் காலுக்குள் காது வைத்தது போலக் கவனித்தான்.

"எந்த விரல்?"

ஒன்றும் இல்லை. "நடுவிரல்," என்றான்.

"இப்போ?"

"சின்னவிரல்."

"இப்போ?"

"பெருவிரல். பெருவிரல்தானே?"

பதில் வராததால் கண்ணைத் திறந்தான். தாரிணி அவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன.

"கடைசி ரெண்டு தடவை நான் தொடவே இல்லண்ணா," என்றாள்.

அவன் குனிந்து உள்ளுறையைப் பார்த்தான்.

"உங்களுக்கு சுகர் இருக்கா?"

"ஆருக்கு இல்லை?"

"எங்கப்பாவுக்கும் இருக்கு. ஆஸ்பத்திரியில ஊசி மாதிரி ஒண்ண வச்சு எந்த விரல்னு கேப்பாங்க. அவரு எப்பவும் நடுவிரல்னுதான் சொல்லுவாரு. நடுவுல இருக்கிறதச் சொன்னா ரொம்பத் தப்பாப் போகாதுன்னு." அவள் உள்ளுறையை மெதுவாகக் கழற்றினாள். காலுறை அவன் பாதத்தில் சுருக்கமில்லாமல், தோல் போல ஒட்டியிருந்தது. "இந்த பூட்ஸுக்கு இதுதான் சரியான சாக்ஸ். இதுக்கு மேல மெல்லிசா எங்ககிட்ட இல்லண்ணா. யார்கிட்டயும் இருக்காது."

"எனக்கு இதிலை ஒரு சோடி தாரும்."

"டாக்டர்கிட்ட காட்டுவீங்களா?"

"வெள்ளிக்கிழமை மலைக்குப் போறன். வந்து காட்டுறன்."

விற்கமாட்டேன் என்று சொல்கிற இடத்தில் அவள் இல்லை. எழுந்து போய்ப் புதுச் சோடி ஒன்றை எடுத்துவந்து பையில் போட்டுக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, "தாங்க்ஸ் பிள்ளை," என்றான். அவள் "பாத்துப் போங்கண்ணா," என்றாள்.

காரில் பார்த்தீபன் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். இப்போது அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவன் கழற்றப் பார்த்தது கழற்றக்கூடிய ஒன்றல்ல. தெரிந்தபின் மனிதன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வான் என்றுதான் நாம் நினைப்போம். பார்த்தீபன் தனக்குள் பேரம் பேசினான். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வளைவு. அதை உள்ளங்கால் கொஞ்சம் உணர்ந்தாலும் போதும், மிச்சத்தை வைத்தியம் பார்த்துக்கொள்ளும். உணராவிட்டால் என்ன என்பதை அவன் முடிக்காமல் விட்டுவிட்டுக் காரைக் கிளப்பினான்.

வியாழன் பின்னேரமே புறப்பட்டு மலையடிவாரத்து ஊரில் தங்கினான். வெள்ளி காலை வானத்தில் ஒரு மேகமும் இல்லை. பனி கண்ணாடி போல இறுகியிருந்தது. அவன் வருஷம் முழுக்கக் காத்திருக்கும் பனி அது. கார் நிறுத்துமிடத்தில் பின்கதவைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்து, புதுக் காலுறையின் சீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, அவசரமாக மாட்டினான். சுருக்கம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தான். முன்பெல்லாம் பார்க்கத் தேவையில்லை. பூட்ஸின் கிளிப்புகளை எந்தப் பல்லில் கொளுவவேண்டும் என்பதையும் காலைக் கேட்காமல், பழைய தேய்மானத்தைப் பார்த்துக் கொளுவினான்.

லிஃப்டில் ஏறி மேலே போய், சரிவின் தலைப்பில் நின்றான். கீழே காலைவெயில் விழுந்து முழு மலையும் காலியாகக் கிடந்தது. பலகையைத் திருப்பினான்.

வேகம் வந்தது. முகத்தில் காற்று வந்தது. முழங்காலும் இடுப்பும் தாங்கள் பழகிய வேலையைச் செய்தன. கணுக்காலுக்குக் கீழே யாரும் இல்லை. விளிம்பு பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் அவன் குனிந்து காலைப் பார்த்தான். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. பலகை எகிறி, அவன் தோளில் விழுந்து, இருபது மீற்றர் இழுபட்டுப் போய் நின்றான்.

எழுந்தான். மறுபடி போனான். இந்த முறை பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, மார்க்குஸ் சொன்னபடி தூரத்தில் கண்ணை வைத்து, முழுப் பாரத்தையும் கொடுத்தான். விழவில்லை. கீழே வந்து திரும்பிப் பார்த்தான். பனியில் கோடு இல்லை. விளக்குமாற்றால் இழுத்தது போல அகலமாக, சுரண்டிக்கொண்டு வந்த தடம். முதல் வருஷம் வருகிறவன் போடும் தடம். அதைத் தான் போட்டதாக அவன் காலுக்குத் தெரியவே இல்லை.

பத்துத் தடவை ஏறினான். பத்துத் தடவையும் அதே தடம். மத்தியானம் பனி இளகத் தொடங்கியதும் நிறுத்தினான்.

காருக்கு வந்து இடது பூட்ஸைக் கழற்றியபோது சாம்பல் நிறக் காலுறையின் முனை கறுப்பாக நனைந்திருந்தது. பனி உள்ளே போய்விட்டது என்று நினைத்து உரித்தான். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. விலைச்சீட்டைக் காலுறையோடு கோத்திருந்த பிளாஸ்டிக் முள்ளின் பாதி. சீட்டைப் பிய்த்தபோது உள்ளேயே நின்றுவிட்டது. நான்கு மணித்தியாலம், முழு உடம்பின் பாரத்தையும், கெட்டி பூட்ஸின் அழுத்தத்தையும் அதன் மேல் வைத்து நின்றிருக்கிறான். சதைக்குள் ஆழமாகப் போயிருந்தது. வேறு ஒருவனின் காலிலிருந்து எடுப்பது போல அதைப் பிடுங்கி எடுத்தான். இரத்தம் வந்தது.

வலித்திருந்தால் அவன் கத்தியிருப்பான், யாராவது ஓடி வந்திருப்பார்கள். வலிக்கவில்லை. அதனால் தண்ணீர்ப் போத்தலால் கழுவி, சான்ட்விச் சுற்றிவந்த கடதாசித் துண்டை வைத்து, வேலைக் காலுறையைப் போட்டு, நாலரை மணித்தியாலம் கார் ஓட்டி வீட்டுக்கு வந்தான்.

அவன் சொல்லவில்லை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். வேலைக்கும் போனான். புதன்கிழமை பின்னேரம் வித்தியா வீட்டுக்குள் நுழைந்து, வாசலில் செருப்பைக் கழற்றியபோது கார்ப்பெட்டைப் பார்த்தாள். வாசலிலிருந்து குசினிவரை, ஒரு அடிக்கு ஒன்றாக, சில்லறைக் காசு அளவில் மண்ணிறப் பொட்டுகள். அந்த வீட்டில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். அவள் பொட்டுகளின் பின்னால் போனாள். அவை அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற பார்த்தீபனிடம் போய் முடிந்தன.

"காலைத் தூக்குங்கோ," என்றாள்.

பார்த்தாள். சீழ் மணத்தது.

"எத்தினை நாளா?"

"வெள்ளிக்கிழமையிலை இருந்து."

"நான் காயத்தைக் கேக்கேல்லை. கால் தெரியாமல் எத்தினை நாளா?"

"ரெண்டு வருஷம்," என்றான் அவன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருஷமா," என்றாள். "ரெண்டு வருஷமா நீங்கள் சொக்ஸ் வாங்கினீங்கள்."

அவர்களுடைய மகள் பிரணவி, பதினான்கு வயது, அறைக்குள்ளிருந்து வந்து, "வட் ஹாப்பன்ட்?" என்று கேட்டாள். தகப்பனின் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்க் கார்ச் சாவியை எடுத்துவந்து தாயிடம் நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில் கிருமி எலும்புவரை போய்விட்டது என்றார்கள். பத்து நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். காலை மிச்சம் பிடித்தது அதிர்ஷ்டம் என்று அந்த இளம் டாக்டர் சொன்னார். பார்த்தீபன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். உணர்ச்சி திரும்பி வருமா? வராது என்றார் அவர். சீனியைக் கட்டுப்படுத்தினால் இருக்கிறது இன்னும் மோசமாகாமல் வைத்திருக்கலாம். போனது போனதுதான். ஹார்ட் பூட்ஸைப் பற்றி வித்தியாதான் கேட்டாள். டாக்டர் அப்படி ஒன்று இருக்கிறது என்றே அறிந்திருக்கவில்லை. அவள் கையால் வடிவம் காட்டி விளக்கியதும், கேள்வியே தேவையில்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

கால் பராமரிக்கும் தாதி ஒரு தாள் கொடுத்தார். காலுறை வெள்ளை நிறத்தில் இருக்கவேண்டும், இரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரிவதற்காக. விளிம்பு தளர்வாக, தையல் இல்லாமல், தினமும் உட்புறம் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகு. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. வித்தியா பன்னிரண்டு சோடி வெள்ளைக் காலுறை வாங்கிவந்து, இழுப்பறையைக் காலி செய்து, அதில் அடுக்கினாள். பழையவை ஒரு பையில் கட்டித் தர்மக் கடைக்குப் போயின. அவன் தடுக்கவில்லை. வேலையில் அவனைக் கொட்டகையிலிருந்து எடுத்துக் கணினிக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். வந்துபோகும் பெட்டிகளின் இலக்கங்களை அவன் அங்கிருந்து பார்த்தான்.

குலசிங்கம் மனைவியோடு பார்க்க வந்தார். எண் ஏதும் கேட்கவில்லை. தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் கேட்டு வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார். போகும்போது ஒரு பார்சலைக் கொடுத்தார். உள்ளே செம்மறிக் கம்பளியில் பின்னிய தடித்த காலுறை ஒரு சோடி.

"கதகதப்பா இருக்குமடா," என்றார். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பலகையும் பூட்ஸும் கராஜில் கிடந்தன. அவற்றை எடுத்து யாருக்காவது கொடுக்க வித்தியாவுக்கு மனம் வரவில்லை, கேட்கவும் மனம் வரவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காயம் முழுதாக ஆறிய பிறகு, அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்தீபன் கராஜுக்குப் போனான். வெயில் தகரக் கூரையில் எரித்தது. மடக்குக் கதிரையை விரித்து உட்கார்ந்து, வெள்ளைக் காலுறையோடு இடது பூட்ஸுக்குள் காலை விட்டுக் கிளிப்புகளைப் போட்டான். எழுந்து நின்றான். கால் முன்னும் பின்னும் ஆடியது, அதைப் பூட்ஸின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கண்டுகொண்டான். விரல்கள் இருந்த இடத்தில் வெற்றிடம்.

அவன் யோசித்தான். பிறகு கழற்றிவிட்டு உள்ளே போய், குலசிங்கம் கொடுத்த கம்பளிக் காலுறையை எடுத்துவந்து, வெள்ளையின் மேல் அதை மாட்டி, மறுபடி போட்டுப் பார்த்தான். ஆட்டம் குறைந்தது. இன்னும் ஒரு சோடி இருந்தால்.

வித்தியா காரை நிறுத்திவிட்டுக் கதவைத் தூக்கியபோது அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான், ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் வீட்டுச் செருப்பு.

"என்ன செய்யிறீங்கள்?"

"முன்னுக்கு இடம் விடுது," என்றான் அவன். "தடிச்ச சொக்ஸ் எண்டால் சரிவரும் போலை கிடக்கு. நடுத்தரத்திலை ரெண்டு, இல்லாட்டி..."

அவள் கீரைக்கட்டும் மீன்பையும் இருந்த பைகளைத் தரையில் வைத்தாள். திட்டவில்லை. அவனுக்கு முன்னால் முழந்தாளிட்டு, கிளிப்புகளை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாகத் திறந்தாள். இரும்பு சத்தம் போட்டது. அவளுக்கு அந்தப் பூட்ஸ் பழக்கமில்லை, அதன் நாக்கை எப்படி மடக்குவது என்று கொஞ்சம் திணறினாள். பார்த்தீபன் அவள் தலைக்கு மேலால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இயந்திரம் முற்றத்தின் அந்தத் தொங்கல் முனைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"சரி," என்றான் அவன் கொஞ்ச நேரத்தில், "கழட்டிவிடு."

"கழட்டியாச்சப்பா," என்றாள் வித்தியா.